ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து

எங்கள் ஊர் வடமதுரையில் பேருந்து நிலையம் இருக்கிறது. நிழற்கூரை இருக்கிறது, உட்கார சிமெண்ட் பெஞ்ச் இருக்கிறது, கட்டணக் கழிப்பறை இருக்கிறது, ஓரத்தில் என்னுடைய கூல்டிரிங்ஸ் கடையும் இருக்கிறது. பேருந்துதான் இல்லை. அறவே இல்லை என்று சொன்னால் அரசாங்கத்துக்குக் கோபம் வரும். காலையில் இரண்டு டவுன் பஸ், மத்தியானம் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு ஒன்று வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் ஓடுகிற பெரிய வண்டிகளெல்லாம் நால்வழிச் சாலை வந்ததிலிருந்து பைபாஸோடு பறந்துவிடுகின்றன.

"வடமதுரையா? உள்ள போகாது. பைபாஸ்ல எறங்கிக்கிறதுன்னா ஏறு" என்று கண்டக்டர் படியில் நின்றபடியே சொல்லிவிடுவார். பைபாஸிலிருந்து ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாத நடை. ஒரு பக்கம் புளியமரம், மறுபக்கம் எப்போதோ மூடிப்போன மில்லின் மதில். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்கு கிடையாது. ஷேர் ஆட்டோ நிற்கும். ஆனால் ஏழு பேர் சேராமல் அது நகராது. சாயங்காலத்தில் அந்த ஏழாவது ஆள் எப்போது வருவார் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

என் பெயர் முத்துச்சாமி. பேருந்து வராத பேருந்து நிலையத்தில் கடை வைத்திருப்பவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வேறு வேலை என்ன இருக்கிறது?

எனக்கு அடுத்த வீடு காதர் பீவி அக்கா வீடு. அவர் கணவர் சௌகத் அலி ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பெருநாளுக்கு வருவார், நடுவில் ஒன்றிரண்டு தடவை வருவார். வந்தால் திண்டுக்கல் வரை ரயில், அங்கிருந்து சிநேகிதர் பைக். எங்கள் ஊர்ப் பேருந்துகளின் குணம் அவருக்குத் தெரியாது. அவர் இங்கே இருந்த காலத்தில் எல்லா வண்டியும் ஊருக்குள் வந்து, நின்று, டிரைவர் டீ குடித்துவிட்டுத்தான் போகும்.

ஒரே மகள் ஹாஃபிஸா. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் கணிதம், இரண்டாம் வருஷம். கெட்டிக்காரி. கணக்கு மட்டுமல்ல, வாயும் கெட்டி. அவளைக் கல்லூரிக்கு அனுப்ப சௌகத் அலி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்போது பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும். பாங்கு முடிந்ததும் ஆம்பூரிலிருந்து வீடியோ கால் வரும். போனில் மகள் முகம் தெரிய வேண்டும். அம்புட்டுதான்.

கோடைக்காலம் முழுவதும் இதில் சிக்கல் வரவில்லை. ஐப்பசி பிறந்து பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் வந்தது. கல்லூரி விட்டு, திருச்சி வண்டியில் நின்றுகொண்டே வந்து, பைபாஸில் இறங்கி, நாலு வழியையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து, மில் மதிலோரமாக நடந்து வீட்டு வாசலை மிதிப்பதற்குள் பாங்கு முடிந்துவிடும். போனில் தாய் முகம்தான் தெரியும். ஹாஃபிஸா பிறகு வந்துதான் போனை வாங்குவாள்.

"பஸ்ஸு பைபாஸ்லயே எறக்கி விட்டுட்டான் அத்தா. நடந்து வாரேன்."

"தினமுமா எறக்கி விடுவான்?"

"தினமும்தான்."

"சொல்லிப் பாரேன், உள்ள வரச்சொல்லி."

இந்த ஊரில் எவன் சொன்னால் எந்த வண்டி உள்ளே வரும்? சௌகத் அலி கெட்ட மனிதர் இல்லை. மகள் மேல் உயிர். ஆனால் நூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு போன் திரையில் மகளைத் தேடுகிற தகப்பனுக்குப் புத்தி நாலு திசையிலும் ஓடும். "இந்தப் பருவத்தோட நிறுத்திருவோமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மறுநாளே ஹாஃபிஸா எங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனாள்.

உறுப்பினர் பொன்னுத்துரையின் அலுவலகம் பேருந்து நிலையத்து மாடியில்தான், என் கடைக்கு நேர் மேலே. ஆளுங்கட்சிக்காரர். அவைக்குப் போன நாளிலிருந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. "ஆளுங்கட்சியில இருந்துகிட்டு கேள்வி கேக்குறது, நம்ம வீட்டுக் கல்யாணத்துல நாமளே சாம்பார் சரியில்லைங்கற மாதிரிப்பா" என்பார். ஆனாலும் ஹாஃபிஸா விடவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்தாள். படியேறுகிற கட்சிக்காரர்கள் எல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டிப் போக வேண்டியதாயிற்று. கடைசியில் பொன்னுத்துரை இறங்கி வந்தார்.

"சரி தாயி. கேட்டுருவோம். அழகாக் கேட்டுருவோம்."

அழகாகக் கேட்பதற்கென்று சட்டமன்றத்தில் ஒரு நடை இருக்கிறது. 'பஸ் ஏன் வரவில்லை?' என்று கேட்டால் அது சண்டை. 'வடமதுரைக்குள் பேருந்துகள் வந்து செல்ல ஆவன செய்ய அரசு முன்வருமா?' என்று கேட்டால் அது கேள்வி. இதை எழுதியவன் பொன்னுத்துரையின் உதவியாளன் அருண்பாண்டி. எழுதிக் கோட்டைக்கு அனுப்பினான். அதிசயமாக அது பட்டியலிலும் ஏறிவிட்டது.

கேள்வி வருகிற அன்று கல்லூரி விடுமுறை. என் கடையில் செல்போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்துவைத்து நேரலையைப் போட்டோம். ஹாஃபிஸா, காதர் பீவி அக்கா, ஆட்டோக்காரர்கள், கழிப்பறைக்குக் காசு வாங்குகிறவர், எல்லாரும் வந்துவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்தது அன்றுதான்.

பொன்னுத்துரை எழுந்தார். எழுந்ததும் தலைவரை வணங்கினார். தலைவரின் தகப்பனாரை வணங்கினார். தனக்கு சீட்டு வாங்கிக் கொடுத்தவரை வணங்கினார். போக்குவரத்து அமைச்சரைச் சக்கரங்களின் சக்கரவர்த்தி என்றார். பேரவைத் தலைவர் குறுக்கிட்டு, "உறுப்பினர் கேள்விக்கு வரவேண்டும்" என்றார். வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாக்களித்த மக்களை வணங்கினார்.

"எங்க ஊருக்கு வார வண்டி மாதிரியே வாராரு பாருங்க. பைபாஸ்லயே சுத்துறாரு" என்றாள் ஹாஃபிஸா.

ஒரு வழியாகக் கேள்வி வந்தது. அமைச்சர் எழுந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! உறுப்பினர் குறிப்பிட்ட வடமதுரைக்குள் ஏற்கெனவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வந்து செல்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பயன்பெறுகிறார்கள். எனவே கூடுதலாக ஆவன செய்ய வேண்டிய தேவை எழவில்லை."

எங்கள் ஊர் ஜனத்தொகை அதில் கால்வாசி தேறாது. ஆனால் பொன்னுத்துரை முகம் மலர்ந்துவிட்டது. அவர் காதில் விழுந்தது 'ஐந்து நிமிடம்', 'பேருந்து', 'ஒரு லட்சம்' என்ற மூன்று சொற்கள் மட்டும். வரம் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டார்.

"ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து தந்த மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு எங்கள் பகுதி மக்களின் சார்பில் நன்றி, நன்றி, நன்றி என்று கூறி அமர்கிறேன்!"

மேசை தட்டினார்கள். அமைச்சரும் தட்டினார். பேரவைத் தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கட்சிக்காரர் ஒருவர் எங்கள் பேருந்து நிலையத்தில் ஆயிரம் வாலா கொளுத்தினார். பேருந்து வரும் இடம்தானே, காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் நானும் முட்டாள்தனமாக இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில் அதிகமாக இறக்கிவைத்தேன். அஞ்சு நிமிஷமும் போனது, அஞ்சு நாளும் போனது. புதிதாக ஒரு வண்டியும் வரவில்லை.

என்ன நடந்தது என்பதை அருண்பாண்டி கோட்டையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டு வந்து சொன்னான். நாங்கள் அனுப்பிய கேள்வியை அங்கே மறுபடி தட்டெழுதியவர், கை தவறி ஓர் இடைவெளி விட்டுவிட்டார். வடமதுரை, 'வட மதுரை' ஆகிவிட்டது. அடுத்த மேசைக்காரர் அதைப் பார்த்து, மதுரை மாநகரத்தின் வடக்குப் பகுதியைத்தான் உறுப்பினர் நல்ல தமிழில் எழுதியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டார். மதுரைக்கு வடக்கே மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். அங்கே இருக்கிற பேருந்துக்குக் குறைச்சலா? கணக்கை வாங்கிப் பதிலில் போட்டுவிட்டார். வாசிக்கும்போது அந்த இடைவெளி யார் காதுக்கும் கேட்கவில்லை.

"நல்ல வேளை, அவரு கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கற வடமதுரைன்னு நெனைக்கல" என்றான் அருண்பாண்டி.

"நெனைச்சிருந்தா மட்டும்? அங்கயும் பஸ்ஸு வந்திருக்கும்ல" என்றேன்.

இதற்குள் அந்த வீடியோத் துண்டு ஊர் ஊராகச் சுற்றி ஆம்பூருக்கும் போய்விட்டது. யாரோ புண்ணியவான் 'உங்கள் ஊர்ப் பெருமை' என்று எழுதி சௌகத் அலிக்கு அனுப்பியிருந்தார். அன்று மஃரிபுக்குப் பிறகு வந்த அழைப்பு எங்கள் வீட்டுச் சுவர்வரை கேட்டது.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு ஊருக்குள்ள வருதாமே. நீ தினமும் எங்க எறங்கி நடந்து வார?"

"அது தப்பு அத்தா. ஊரு மாறிப் போச்சு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? மந்திரி சொல்றாரு. சட்டசபையில, அத்தனை பேருக்கு மத்தியில, மைக்குல சொல்றாரு. நம்ம எம்மெல்லே எந்திரிச்சு நன்றி சொல்றாரு. அம்புட்டுப் பேரும் பொய்யி, நீ ஒருத்திதான் உண்மையா?"

காதர் பீவி அக்கா போனைப் பிடுங்கி, "பஸ்ஸு வரலைங்க. நானும் இந்த ஊருலதான இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

"நீ அவளுக்குச் சப்போர்ட் பண்ணிக்கிட்டே இரு" என்று போன் வைக்கப்பட்டது.

அந்தப் பிள்ளை நாலு நாள் படியில் உட்கார்ந்து கேட்கவைத்த கேள்வி. அதற்கு வந்த பதில் அவளையே பொய்க்காரி ஆக்கிவிட்டது. கேள்வி கேட்காமல் இருந்திருந்தாலாவது 'ஏதோ லேட்டாகிறது' என்று போயிருக்கும். இனி லேட்டானால் அதற்கு அரசாங்கமே சாட்சி.

மறுநாள் ஹாஃபிஸா, அக்கா, நான் என்று மூன்று பேரும் மாடி ஏறினோம். பொன்னுத்துரைக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஃபேன் வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

ஹாஃபிஸா நேராகக் கேட்டாள். "ஐயா, பஸ்ஸு ஊருக்குள்ள வருதா, வரலையா?"

"அது வந்து தாயி, வருதுன்னு அவைக்குறிப்புல ஏறிப்போச்சு."

"ரோட்டுல ஏறலையே ஐயா."

"நான் வரலைன்னு சொன்னா, மந்திரி பொய் சொன்னாருன்னு ஆகும். மந்திரி சொன்னது தப்புன்னா நான் நன்றி சொன்னது என்னாகும்? மூணு தடவை சொல்லிருக்கேன்." அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "அவையில பேசினதைத் திருத்தணும்னா மந்திரியே எந்திரிச்சுத் திருத்தணும். அவர்கிட்டப் போய் எவன் சொல்றது? அடுத்த தேர்தல்ல எனக்கு சீட்டு வேணாமா?"

"எங்கத்தா என்னய காலேஜை விட்டு நிறுத்தப் போறாரு. நீங்க ஒரு வார்த்தை போன்ல சொன்னாப் போதும். வண்டி பைபாஸோட போகுதுன்னு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

சொல்லிக்கொண்டே அழைத்து, போனை அவர் முன் நீட்டிவிட்டாள். அந்தப் பக்கம் 'ஹலோ' கேட்டுவிட்டது. பொன்னுத்துரைக்கு வேறு வழி இல்லை. குரலைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம் பாய், நான் பொன்னுத்துரை பேசுறேன். நல்லாருக்கீங்களா? ஆம்பூர்ல மழையா?"

"நல்லாருக்கேன் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். நம்ம ஊருக்குள்ள பஸ்ஸு வருதா?"

ஹாஃபிஸா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதர் பீவி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பொன்னுத்துரை மேசையைப் பார்த்தார், சுவரில் இருந்த தலைவர் படத்தைப் பார்த்தார்.

"வருது பாய். வரும். வந்துகிட்டே இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஓர் ஆள் ஒரு குடும்பத்தைக் கெடுக்க முடியாது. நான் அடக்கமாட்டாமல், "ஏண்ணே, உங்க வாய்ல ஒரு 'இல்லை' வராதாண்ணே?" என்று கத்திவிட்டேன். அதற்குள் அந்தப் பக்கம், "ரொம்ப நன்றி சார், இது போதும்" என்று போன் வைத்தாகிவிட்டது.

படி இறங்கும்போது ஹாஃபிஸா அழவில்லை. "அண்ணே, இவரு வகுப்புல இருந்தா பூஜ்யத்தைக்கூட ஒண்ணுன்னு ஒத்துக்க வச்சிருவாரு" என்றாள்.

அன்றிரவே தகவல் வந்தது. மாசக் கடைசியில் சௌகத் அலி வருகிறார். கல்லூரிக்குப் போய் டி.சி. வாங்குகிறார். அதுவரை பிள்ளை போய்வரட்டும், கட்டின பணத்துக்குப் பரீட்சையாவது எழுதட்டும்.

இந்த நடுவில் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். என் கடையில் பன்னீர் சோடா வாங்கிக் குடித்தார். காலிப் பேருந்து நிலையத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அஞ்சு நிமிஷம் நின்றார். ஒரு நாய் வந்து போனது.

"இங்க எதுவும் வராது போலிருக்கே" என்றார் என்னிடம்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே சார். அப்ப எழுதி அனுப்புங்க. மந்திரி சொன்னது தப்புன்னு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவையில சொன்னது தப்புன்னு எழுத எனக்கு அதிகாரம் கெடையாதுங்க. அதைத் தப்பில்லாம ஆக்குறதுக்குத்தான் என்னய அனுப்பிருக்காங்க."

சரி, அப்படியாவது வண்டியை உள்ளே விடப்போகிறார்கள் என்று எனக்கு மனசு குளிர்ந்தது. சோடாவுக்குக் காசு வாங்கவில்லை. அவர் ஜீப்பில் ஏறி பைபாஸுக்குப் போனார். அங்கேயும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். திருச்சி வண்டி ஒன்று போயிற்று. திண்டுக்கல் வண்டி ஒன்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை ஆட்டோக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வாரத்துக்குள் நால்வழிச் சாலையின் இரண்டு ஓரத்திலும் ஆளுயர இரும்புக் கம்பங்கள் நட்டு, பச்சைப் பலகை மாட்டிவிட்டார்கள். வெள்ளை எழுத்தில், 'வடமதுரை பேருந்து நிலையம்'. கூரை இல்லை, பெஞ்ச் இல்லை, விளக்கு இல்லை. பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. இப்போது அமைச்சர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வடமதுரையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. ஊருக்குப் பேருந்து வரவில்லை, ஊரைத் தூக்கிக்கொண்டுபோய் பேருந்து ஓடுகிற இடத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் தகவல் சொல்லாததால் நான் பழைய ஊரிலேயே கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

பொன்னுத்துரை ரிப்பன் வெட்டினார். 'கேட்டார்! கிடைத்தது!' என்று ஃபிளக்ஸ் வைத்தார்கள். விழா முடிந்து அவர் காரில் ஊருக்குள் திரும்பினார். மைக் செட்காரரும் நாற்காலிக்காரரும் ஆட்டோவுக்கு ஏழு பேர் சேரட்டும் என்று அங்கேயே காத்திருந்தார்கள்.

மாசக் கடைசி வந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. டி.சி. வாங்குகிற அவசரத்தில் சௌகத் அலி பேருந்திலேயே கிளம்பிவிட்டார். எப்போது வருகிறார் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து நின்றால்தான் நிலவரம் தெரியும் என்று நினைத்திருப்பார். வேலூர், திருச்சி என்று மாறி மாறி ஏறி, திருச்சியில் திண்டுக்கல் வண்டி பிடித்திருக்கிறார். பிறகு நடந்ததை ஹாஃபிஸாதான் எனக்குச் சொன்னாள். அவருடைய வாயிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியது.

"வடமதுரை பஸ் ஸ்டாண்டு போகும்ல?" என்று ஏறும்போதே கேட்டிருக்கிறார்.

"போகும் பாய், ஏறுங்க. இப்ப எல்லா வண்டியும் போகுது" என்றாராம் கண்டக்டர். பழைய கண்டக்டர்கள் உள்ளே போகாது என்றாவது உண்மையைச் சொன்னார்கள்.

சௌகத் அலிக்கு மனசு கொதித்திருக்கிறது. பார், கேட்டதுமே போகும் என்கிறான், இந்தப் பிள்ளை இத்தனை நாளும் என்ன நாடகம் ஆடியிருக்கிறது என்று வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பொழுது சாய்கிற நேரத்தில் விசில் சத்தம். "வடமதுரை பஸ் ஸ்டாண்டு! எறங்குங்க!"

இறங்கினார். ஒரு கையில் பெரிய பை, மறு கையில் ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலம். சுற்றிப் பார்த்தால் நாலு வழிச் சாலை, வயல், ஒரு பச்சைப் பலகை. வண்டி போய்விட்டது. பலகையை ஒருதரம் படித்தார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்குமோ என்று. அங்கே ஓர் ஆடு கட்டியிருந்தது.

அப்போது எதிர்ச்சாரியில் திண்டுக்கல்லிலிருந்து வந்த வண்டி நின்று ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. தோளில் புத்தகப் பை. அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, நடுத்திட்டு வரைக்கும் ஓடிவந்து நின்றாள். இந்தப் பக்கம் ஒரு கார் அலறிக்கொண்டு போகக் காத்திருந்தாள். மறுபடி ஓடிவந்தாள். சௌகத் அலி பையைக் கீழே போட்டுவிட்டு, "ஏ புள்ள, பாத்து, பாத்து!" என்று கையை வீசிக்கொண்டு கத்தினார். யாரோ பெற்ற பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தாராம். பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது.

"அத்தா!" என்றாள் ஹாஃபிஸா. "நீங்க எப்ப வந்தீங்க?"

சௌகத் அலி சாலையைத் திரும்பிப் பார்த்தார். "இப்படித்தான் ஓடியாருவியா? தினமும்?"

"பாலம் கட்டல அத்தா."

ஆட்டோவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும் என்றான் ஆட்டோக்காரன். அத்தாவும் மகளும் நடந்தார்கள். பையை மகள் வாங்கிக்கொண்டாள், புத்தகப் பையை அத்தா வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மில் மதில் பக்கம் வந்ததும் இருட்டிவிட்டது. அவர் செல்போன் விளக்கைப் போட்டார். அவள், "வேணாம் அத்தா, சார்ஜ் போயிரும். பள்ளம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், எம்பின்னாலயே வாங்க" என்றாள். தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. பாங்கு முடியும்வரை சௌகத் அலி அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு அவளுக்குப் பின்னால் நடந்திருக்கிறார்.

அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நான் என் வாசலில் குழாயடியில் குடத்தோடு நின்றேன். காதர் பீவி அக்காவும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். கணவர் வருவது அவருக்குத் தெரியாது. மகளுக்குப் பின்னால் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, செருப்பெல்லாம் புழுதியாக ஒரு மனிதர் வருவதைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஸலாமுக்குப் பதில் ஸலாம் மட்டும் சொன்னார். வாசல்நிலையில் இரண்டு கையையும் ஊன்றி வழியை மறித்துக்கொண்டார்.

"பாங்கு சொல்லி எம்புட்டு நேரமாச்சு? ரெண்டு பேரும் எங்க போயிட்டு வாரீங்க?"

சௌகத் அலி பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார். அக்கா நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு ஊருக்குள்ள வருதுன்னு மந்திரி சொன்னாரு. எம்மெல்லே உங்ககிட்டயே போன்ல சொன்னாரு. அப்புறம் ஏன் லேட்டு?"

"நடந்து வந்தோம்" என்றார் மெதுவாக. "பஸ்ஸு உள்ள வரல."

"யாரு சொன்னா?"

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை. சௌகத் அலி என்னை ஒரு பார்வை பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து செருப்புப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மக சொன்னா" என்றார். "மொதல்ல இருந்தே அவதான் சொல்லிக்கிட்டிருந்தா."

காதர் பீவி அக்கா நிலையிலிருந்து கையை எடுத்தார். மறுநாள் காலை சௌகத் அலி மகளோடு பைபாஸ் வரை நடந்துபோய், வண்டி ஏற்றிவிட்டு, டி.சி. வாங்காமல் திரும்பி வந்தார்.